குழலை அளந்த பிறகு டை வாங்கலாம்

பெயரில் 38 இருக்கும். உள்ளே இருக்கும் குண்டு .40 அங்குலம். பெயரில் 44 இருக்கும், குண்டு .427தான். ‘577/450 மார்ட்டினி ஹென்றி’ என்ற பிரிட்டிஷ் ராணுவத் தோட்டாவுக்கு இரண்டு எண்கள். அதன் குழலில் சரியாக உட்காரும் ஈயக் குண்டின் விட்டமோ ஏறக்குறைய .468 அங்குலம், இரண்டு எண்ணோடும் ஒட்டாத மூன்றாவது எண். 19ஆம் நூற்றாண்டுத் தோட்டாக்களின் பெயரைப் பார்த்து அளவு சொல்ல முயன்றால் இப்படித்தான் ஆகும்.

இந்தத் தோட்டாக்கள் அருங்காட்சியகத்தோடு முடிந்துபோகவில்லை. இத்தாலியின் கார்டோனே நகரத்தில் உபெர்ட்டி, பெடர்சோலி கம்பெனிகளும், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிக் டிம்பர் என்ற சிற்றூரில் ஷைலோ ஷார்ப்ஸ் கம்பெனியும் பழைய வடிவத் துப்பாக்கிகளை இன்றும் செய்து விற்கின்றன. 1873ஆம் ஆண்டு மாடல் வின்செஸ்டரை ஜப்பானின் மிரோகு தொழிற்சாலை மறுபடியும் செய்து தருகிறது. சுடுவதற்குப் போட்டிகளும் உண்டு. 200 மீட்டரில் கோழி, 300இல் பன்றி, 385இல் வான்கோழி, 500இல் செம்மறிக்கடா என்று இரும்புத் தகட்டில் வெட்டிய உருவங்களைக் கருமருந்துத் தோட்டாவால் வீழ்த்தும் போட்டி அமெரிக்காவில் பிரபலம்.

துப்பாக்கி கிடைத்துவிடுகிறது. தோட்டாதான் சிக்கல். பழைய வகைகளைத் தொழிற்சாலைகள் குறைவாகவே செய்கின்றன. செய்தாலும் விலை அதிகம். அதனால் சுட்ட பிறகு விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி, மருந்தைப் பற்றவைக்கும் புது பிரைமர், மருந்து, குண்டு வைத்துத் தாங்களே நிரப்பிக்கொள்வது இந்த ஆர்வலர்களின் வழக்கம். அதற்கு வேண்டிய எஃகு அச்சுக்குப் பெயர் டை. எந்த டை வாங்குவது என்ற பேச்சு எழுந்தால் உடனே கம்பெனிப் பெயர்கள் வரிசைகட்டும்: ஆர்சிபிஎஸ், லீ, ரெட்டிங், லைமன், ஹார்னடி. விவாதம் தொடங்கும் இடமே தவறு. முதலில் குழல், அடுத்து குண்டு, கடைசியில்தான் டை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, தோட்டாவின் பெயரை மட்டும் பெரிதாக அச்சிட்டுப் பெட்டியை விற்கும் கம்பெனிகளுக்கும் இந்தக் குழப்பத்தில் பங்கு உண்டு.

டை செய்யும் வேலை என்ன?

வெடிக்கும்போது பித்தளைக் கூடு விரிந்து, துப்பாக்கியின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதைப் பழைய அளவுக்குச் சுருக்கி, செத்த பிரைமரை வெளியே தள்ளுவது முதல் டை. கூட்டின் வாயைக் குண்டு நுழையும் அளவுக்கு விரிப்பது இரண்டாவது. அதற்குள் இருக்கும் எக்ஸ்பாண்டர் என்ற உருளைதான் அந்த வேலையைச் செய்கிறது. குண்டை இறக்கி, வாயின் விளிம்பை உள்நோக்கி மடக்கிப் பிடிக்க வைப்பது மூன்றாவது. விளிம்பை மடக்குவதற்கு ‘கிரிம்ப்’ என்று பெயர். நேரான கூடுகளுக்கு இந்த மூன்று டையும் தேவை. கழுத்து ஒடுங்கிய நவீனத் தோட்டாக்களில் முதல் இரண்டு வேலையும் ஒன்றாகி, இரண்டே டையில் காரியம் முடிந்துவிடும்.

இன்றைய ரைஃபிள் குண்டின் மேல் செம்புக் கவசம் இருக்கும். கூட்டின் வாய் சற்று இறுக்கமாக இருந்தாலும் அது நசுங்காது. பழைய வகைத் தோட்டாக்களில் வைப்பது வெறும் ஈயக் குண்டு. 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்து வீட்டிலேயே வார்த்தது. நகத்தால் கீறினால் தடம் விழும் அளவுக்கு மென்மையானது. வாய் இறுகிய கூட்டுக்குள் அதைத் தள்ளினால் பித்தளை விட்டுக்கொடுக்காது, ஈயம்தான் ஒடுங்கும். .380 என்று அளந்து வார்த்த குண்டு, உள்ளே போனதும் .377 ஆகிவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா அழகாகத்தான் இருக்கும்.

சுடும்போது குட்டு வெளிப்படும். குழலின் உள்ளே சுருளாக ஓடும் பள்ளங்களைக் குண்டு முழுதாக நிரப்பாவிட்டால், சூடான வாயு அந்த இடைவெளி வழியே பாய்ந்து குண்டின் பக்கங்களை அரிக்கும். அரித்த ஈயம் குழல் முழுக்கப் படியும். பள்ளத்தின் பிடி கிடைக்காத குண்டு சுழலாமல் தடுமாறி, இலக்குக் காகிதத்தில் பக்கவாட்டில் விழுந்து சாவித் துவாரம் போன்ற ஓட்டையைப் போடும். வாங்கியவர் துப்பாக்கியைக் குறை சொல்வார்; பிறகு மருந்தை மாற்றிப் பார்ப்பார். எக்ஸ்பாண்டரைக் கழற்றி மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும்.

சிக்கல் எங்கே தொடங்கியது?

பழங்காலத்தில் இந்தத் தலைவலி குறைவு. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளில் பைசன் எருமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று தோல் விற்ற வேட்டைக்காரர்கள், பகலில் சுட்ட கூடுகளை இரவில் முகாமிலேயே நிரப்பிக்கொண்டார்கள். ஒருவரிடம் ஒரு துப்பாக்கி. அதில் சுட்ட கூடு அதே துப்பாக்கிக்குத்தான் திரும்பிப் போகும். வின்செஸ்டர் கம்பெனி துப்பாக்கியோடு நிரப்பும் கருவியையும் தானே விற்றது. 1884இல் நியூ ஹேவன் நகரில் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் கம்பெனி, இடுக்கி போன்ற கைக்கருவியை வீடுவீடாகக் கொண்டுசேர்த்தது. 1925இல் ஐடியலை வாங்கிய லைமன், அந்தக் கருவியின் வாரிசைப் பின்னர் நெடுங்காலம் விற்றது. அந்த இடுக்கி கூட்டின் கழுத்தை மட்டும் லேசாகச் சுருக்கும், உடலைத் தொடாது. தொட வேண்டிய அவசியமும் இல்லை.

அமெரிக்கத் தோட்டா, துப்பாக்கி உற்பத்தியாளர்கள் கூடி அளவுகளைத் தரப்படுத்த சாமி என்ற அமைப்பை உருவாக்கியது 1926இல். அதற்குள் 45-70, 44-40, 38-55 தோட்டாக்கள் எல்லாமே நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தன. கம்பெனிக்கு ஓர் அளவு, அதே கம்பெனியிலும் காலத்துக்கு ஓர் அளவு என்று லட்சக்கணக்கான குழல்கள் அதற்கு முன்பே ஊருக்குள் போய்விட்டன. பின்னால் எழுதிய தரம் அவற்றைத் திருத்த முடியாது. இன்றைய டையோ அந்தத் தரத்தைப் பார்த்துக் கடையப்படுகிறது. அளவு ரவிக்கை கொடுக்காமல் தையல்காரரிடம் துணியை மட்டும் நீட்டிவிட்டு வருவதற்குச் சமம் இது.

நான்கு தோட்டா, நான்கு பாடு

38-55ஐ எடுத்துக்கொள்ளலாம். பழைய குழல்களின் பள்ள விட்டம் .379, .380 என்று போகும். பிற்காலத்தில் வந்த பல துப்பாக்கிகளில் அது .375ஐ ஒட்டி இறங்கிவிட்டது. வித்தியாசம் ஆயிரத்தில் ஐந்து பங்கு அங்குலம்; மில்லிமீட்டரில் சொன்னால் 0.13கூட இல்லை. ஆனால், ஈயக் குண்டு குழலின் பள்ள அளவுக்குச் சமமாகவோ, ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு கூடுதலாகவோ இருக்க வேண்டும் என்பது வார்ப்புக் குண்டின் பாலபாடம். செம்புக் கவசக் குண்டுக்கென்று செய்த எக்ஸ்பாண்டரை வைத்துக்கொண்டு பழைய குழலுக்குச் சுட முடியாது. கூட்டின் நீளத்திலும் இரண்டு கட்சி. பழையது 2.125 அங்குலம், பின்னால் வந்தது 2.085. ஒன்றுக்கென அமைத்த டையில் மற்றதைக் கலந்து போட்டால் ஒன்று கிரிம்ப் ஆகாது, அல்லது அளவுக்கு மீறி மடங்கி வாய் பிதுங்கும். 1978இல் வந்த 375 வின்செஸ்டர் தோட்டாவும் இதே உடல்வாகு கொண்டது. ஆனால், அதன் அழுத்தம் மிகமிக அதிகம். அதை 19ஆம் நூற்றாண்டுத் துப்பாக்கியில் வைத்துச் சுடுவது கையையும் கண்ணையும் பணயம் வைப்பது. இவ்வளவு கிளைகள் கொண்ட ஒரு தோட்டாவுக்கு, ‘38-55’ என்ற ஒற்றை எண்ணோடு ஒரு டை பெட்டி போதும் என்பது நம்பக்கூடியதா?

44-40 வேறு ரகம். 1873 மாடல் வின்செஸ்டரோடு பிறந்தது. கழுத்துச் சுவர் தாள்போல மெல்லியது. டையின் விளிம்பில் லேசாக இடித்தாலே கசங்கிவிடும். அன்றைய குண்டு .427, இன்று இத்தாலியில் செய்யும் பல குழல்களோ 44 மேக்னம் கைத்துப்பாக்கியின் .429 அளவில் வருகின்றன. இந்தத் தோட்டா அடியிலிருந்து நுனிக்குச் சரிந்து ஒடுங்குவதால், எண்ணெய் தடவாமலே சுருக்கும் டங்ஸ்டன் கார்பைடு வளையம் இதற்கு உதவாது. நேர்க் கூடு கொண்ட 45 கோல்ட்டுக்குக் கார்பைடு டை கிடைக்கிறதே என்று 44-40க்கும் அதையே தேடுவோர் உண்டு. எஃகு டையும் மசகும்தான் கதி. 38-55, 32-20 தோட்டாக்களுக்கும் இதே விதி.

45-70 விஷயத்தில் இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டியதில்லை. 1873இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற இந்தத் தோட்டா ஒருபோதும் வழக்கொழியவில்லை, குண்டின் அளவு .458 என்று நிலைத்துவிட்டது. எந்தக் கம்பெனி டையும் பெரும்பாலும் ஒத்துழைக்கும். ராணுவத்தின் பழைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கியில் பள்ளம் ஆழம் என்பதால் அதற்கு மட்டும் பருமனான குண்டும் அதற்கேற்ற எக்ஸ்பாண்டரும் தேவைப்படலாம். இங்கே டையைவிடக் கவனிக்க வேண்டியது மருந்து. பழைய ஸ்பிரிங்ஃபீல்டு, நெம்புகோல் துப்பாக்கிகள், உறுதியான நவீன ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகள் என மூன்று தனி அட்டவணைகளைக் கையேடுகள் தருவது காரணமில்லாமல் அல்ல. மூன்று தோட்டாவும் ஒரே டையிலிருந்து, பார்ப்பதற்கு ஒன்றுபோலவே வெளிவரும். மூன்றாவது அட்டவணையின் தோட்டா முதல் வகைத் துப்பாக்கிக்குள் போய்விடக் கூடாது.

நான்காவது, மார்ட்டினி ஹென்றி. 1871இல் பிரிட்டன் ஏற்ற துப்பாக்கி. பேரரசின் போர்க்களங்களெல்லாம் சுற்றியது. முதலில் இதன் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்யப்பட்டது. சூடான, அழுக்கடைந்த அறையில் அது சிக்கிக்கொண்டு 1885இல் சூடான் போர்முனையில் வீரர்களைக் கைவிட்டது. முழுத் தகட்டிலிருந்து இழுத்துச் செய்த கூடு அதன் இடத்தைப் பிடித்தது. 2000களின் தொடக்கத்தில் காட்மாண்டுவின் பழைய ஆயுதக் கிடங்கிலிருந்து பெருந்தொகையான மார்ட்டினிகள் அமெரிக்க வியாபாரிகள் கைக்குப் போயின. நேபாளிலேயே கையால் ராவிச் செய்த கஹேந்திரா துப்பாக்கிகளும் அவற்றில் இருந்தன. கையால் ராவியது என்றால் ஒன்றின் பாகம் இன்னொன்றில் சேராது. அறையின் அளவும் துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும். மார்ட்டினிக்கான கூட்டைப் பலர் 24 கேஜ் பித்தளை ஷாட்கன் கூட்டிலிருந்து அழுத்தி உருவாக்குகிறார்கள். சாதாரண டையைப் பிரஸ் என்ற அழுத்தும் கருவியில் திருகும் மரை முக்கால் அங்குலத்துக்குச் சற்று மேல், அதாவது எட்டில் ஏழு அங்குலம். இவ்வளவு தடித்த தோட்டா அதற்குள் அடங்கினால் டையின் சுவரில் மிச்சம் இருக்காது. அதனால் ஒன்றேகால் அங்குலம் அல்லது அதற்கும் பெரிய மரை கொண்ட டையும், அதை ஏற்கும் பிரஸும் வேண்டும். பெட்டி வந்து சேர்ந்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர் இரண்டாவது முறை செலவழிக்கிறார்.

தமிழ் வாசகருக்குப் பழக்கமான பெயர் ஒன்றும் இந்தப் பட்டியலில் உண்டு. ஜவளகிரியிலும் சுற்றுக் காடுகளிலும் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடிப்போன கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது 1895 மாடல் வின்செஸ்டர். அதன் தோட்டா 1904இல் வந்த 405. குண்டின் விட்டம் .411. பெயரும் அளவும் இங்கேயும் சேரவில்லை. நெடுங்காலம் தொழிற்சாலைகள் கைவிட்டிருந்த இந்தத் தோட்டாவை ஹார்னடி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் செய்யத் தொடங்கியது.

அளக்கும் முறை

அளப்பது பெரிய வித்தை அல்ல. தூய ஈய உருண்டை ஒன்றை எண்ணெய் தடவிக் குழலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் தட்டித் தள்ளினால், பள்ளத்தின் அச்சு அதில் பதிந்து வரும். மைக்ரோமீட்டரில் அளந்தால் பள்ள விட்டம் கையில். தோட்டா அறையை அறிய செரோசேஃப் என்ற உலோகக் கலவை இருக்கிறது. கொதிநீரின் சூட்டுக்கும் கீழேயே உருகும். அறைக்குள் ஊற்றி ஆறவிட்டால் முதலில் சற்றுச் சுருங்கி, ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்குத் திரும்பும். இரண்டு எண்ணும் தேவை. குழலுக்காகக் குண்டைப் பருமனாக்கினால், அந்தக் குண்டு ஏறிய கழுத்து அறைக்குள் நுழையாமல் போகலாம். கூட்டுச் சுவரின் தடிமனும் அப்போது கணக்கில் வரும்.

இந்த எண்கள் கிடைத்தபின் கம்பெனி விவாதமே சுருங்கிவிடும். சரியான எக்ஸ்பாண்டர் எந்தப் பெட்டியில் இருக்கிறது, அல்லது எதற்குத் தனியாக வாங்க முடியும் என்பது மட்டுமே கேள்வி. ஆர்சிபிஎஸ் ‘கவ்பாய்’ வரிசை ஈயக் குண்டை மனதில் வைத்தே வந்தது. லைமனின் ‘எம்’ டை வாயை இரண்டு படியாக விரித்து, ஈயம் சிராய்க்காமல் குண்டை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. விலை குறைந்த லீ பெட்டியோடு சரியான எக்ஸ்பாண்டர் ஒன்றைச் சேர்த்தால், பொருந்தாத விலையுயர்ந்த பெட்டியைவிட நன்றாக உழைக்கும்.

கிரிம்ப் டையிலும் துப்பாக்கியைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். நெம்புகோல் துப்பாக்கியில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஸ்பிரிங் அழுத்தமும் சுடும் அதிர்ச்சியும் குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். உறுதியான கிரிம்ப் இல்லாமல் முடியாது. ஒவ்வொன்றாகக் கையால் வைக்கும் ஷார்ப்ஸ் துப்பாக்கிக்கு அது தேவையே இல்லை. போட்டிக்காரர்கள் பலர் கூட்டைச் சுருக்காமலே, கட்டைவிரலால் குண்டை அழுத்தி வைத்துச் சுடுகிறார்கள். கூடும் நெடுநாள் உழைக்கிறது. மூன்று டையும் வாங்கியாக வேண்டும் என்ற எண்ணமே அவர்களிடம் பலிக்காது.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. கவ்பாய் உடையணிந்து, கல்லெறியும் தூரத்தில் நிற்கும் இரும்புத் தகட்டை வேகமாகச் சுடும் போட்டிக்கு ஆயிரத்தில் இரண்டு பங்கு பிசகினால் உலகம் கவிழாது. அவர்களில் பலர் 44-40ஐயே விட்டுவிட்டு, அந்தக் காலத்து வின்செஸ்டரில் இல்லவே இல்லாத 45 கோல்ட், 357 மேக்னம் தோட்டாக்களுக்கு மாறிவிட்டார்கள். அது அவர்கள் விருப்பம். நூறாண்டு கடந்த குழலை வைத்திருப்பவருக்கும், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் இரும்புக் கடாவைக் குறிவைப்பவருக்கும் அந்தச் சலுகை கிடையாது.

இந்திய வாசகர் ஒன்றை மறக்கக் கூடாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். தாத்தா காலத் துப்பாக்கி வீட்டில் இருக்கிறது என்பதற்காக யாரும் இதில் இறங்க முடியாது. இந்தப் பொழுதுபோக்கு, சட்டம் இடம்கொடுக்கும் நாடுகளுக்கு உரியது.

அந்த நாடுகளின் டை கம்பெனிகள் செய்ய வேண்டியது சிறிய காரியம். எக்ஸ்பாண்டரின் விட்டம், எந்தக் குண்டு அளவுக்கு ஏற்றது, எந்தக் கூட்டு நீளத்துக்கு அமைத்தது, மரை எத்தனை அங்குலம் ஆகிய நான்கு விவரங்களைப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட்டால் போதும். கடையும்போதே அந்த அளவுகள் அவர்களிடம் இருக்கின்றன; புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அது நடக்கும்வரை, வாங்குபவர் தன் குழலின் அளவைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். எக்ஸ்பாண்டரின் விட்டத்தைச் சொல்ல முடியாத கடையில் பணத்தை எடுக்க வேண்டாம்.